வடம், பூக்கோலம், கண்கட்டு: ஒரு குழு உருவாகும் விதம்

ஒன்றாக வேலை செய்கிறவர்களை ஒரு சிறு சவாலுக்கு முன் நிறுத்தி, அதைச் சேர்ந்து முடிக்கச் சொல்வதே குழு ஆட்டம். நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகள் இதை ‘டீம் பில்டிங்’ என்று அழைக்கின்றன. பரிசு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறதா, தடுமாறும்போது பக்கத்தில் இருப்பவரை நம்ப முடிகிறதா, அவர் படும் பாடு நம் கண்ணில் படுகிறதா என்ற மூன்றும்தான் அங்கே பழகிக்கொள்ள வேண்டியவை.

இதற்கென்று ஒரு பருவமே வைத்திருக்கும் நகரம் திருவனந்தபுரம். ஓணத்தைத் தொடங்கிவைக்கும் ஆவணி மாதத்து அத்தம் பிறந்தால் போதும். தலைமைச் செயலகத்தின் துறைகளிலும், கழக்கூட்டம் பக்கத்து டெக்னோபார்க் நிறுவனங்களிலும், கல்லூரிகளிலும், வங்கிகளிலும் அத்தப்பூக்கோலப் போட்டி, வடம் இழுத்தல், உறியடி, சாக்கு ஓட்டம், கண்ணைக் கட்டிக்கொண்டு படத்துப் பெண்ணுக்குப் பொட்டு வைப்பது என்று வரிசையாகத் தொடங்கிவிடும். 1990-இல் அமைக்கப்பட்ட டெக்னோபார்க் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. இன்று அங்கே 70,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து ரயிலிலும் பேருந்திலும் தினமும் வந்து திரும்பும் தமிழர்களும் அதில் அடக்கம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மண். ஓணத்து ஆட்டங்கள் அவர்களுக்குப் புதியவை இல்லை.

ஊழியர்களை மலையோர விடுதிக்கு அழைத்துப்போய், பயிற்சியாளரை வைத்து, காசு கொடுத்து ஆட்டம் நடத்தும் காலம் இது. அந்த ஆட்டங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் அவை கற்றுத்தர முயலும் பெரும்பாலானவை ஓணத்து முற்றத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. நடத்துகிற விதத்தில்தான் கவனம் போதவில்லை.

எட்டுப் பேர் இழுத்தால் நாலு பேர் பலம்

வடம் இழுத்தலிலிருந்தே தொடங்கலாம். குழுவைப் பற்றிய ஆய்வின் வரலாறே ஏறக்குறைய ஒரு கயிற்றில்தான் தொடங்குகிறது. மாக்சிமிலியன் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்தார். முடிவுகள் 1913-இல் அச்சில் வந்தன. அவர் பெயரால் பாடநூல்களில் வழங்கும் கணக்கு இது: தனியாக இழுக்கும் ஒருவர் சராசரியாக 63 கிலோ விசை தருகிறார். இருவர் சேர்ந்தால் 126 வரவேண்டும், 118 தான் வருகிறது. மூவர் சேர்ந்தால் 160. எட்டுப் பேர் சேர்ந்தால் 504 வரவேண்டிய இடத்தில் 248. ஆளுக்குப் பாதி பலம் எங்கோ காணாமல் போகிறது.

போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஒருவர் மூச்சை இழுக்கும்போது மற்றவர் விடுகிறார், ஒருவர் குதிகாலை ஊன்றும்போது மற்றவர் கால் மாற்றுகிறார். இரண்டாவது வழி மனத்தில் இருக்கிறது. இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க, 1974-இல் ஆலன் இங்ஹாமும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, கயிற்றின் முன்னால் நிறுத்தி, பின்னால் இன்னும் பலர் இழுக்கப்போகிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் பின்னால் ஒருவரும் இழுக்கவில்லை. இருந்தும் அவர் இழுத்த விசை குறைந்தது. தன் பங்கு தனியாகத் தெரியாது என்று எண்ணுகிற கை, தானறியாமலே தளர்ந்துவிடுகிறது.

ஓணக் களத்தில் வடம் இழுப்பதை உற்றுப் பார்த்தால் இந்த இரண்டு நோய்களுக்கும் அங்கே மருந்து இருப்பது தெரியும். அணிக்கு வெளியே ஒருவர் நின்று தாளம் கொடுக்கிறார். அவர் குரல் எழும்போது அத்தனை முதுகும் ஒன்றாகப் பின்னால் சாய்கிறது, குரல் அடங்கும்போது கால்கள் ஊன்றி நிற்கின்றன, கயிறு மட்டும் விறைப்பு குறையாமல் இருக்கிறது. கடைசியில் நிற்பவர் கயிற்றை அக்குளுக்கடியில் கொடுத்துத் தோள்மேல் போட்டுக்கொண்டு நங்கூரமாகிறார். கைக்குக் கயிறு, காலுக்கு மண், காதுக்கு ஒரே குரல். அந்த ஒழுங்கு வந்துவிட்ட ஒல்லியான அணி, ஆளுக்கொரு திசையில் முக்கும் தடியர்களின் அணியைக் கோட்டைத் தாண்டி இழுத்துவிடுவது வழக்கமாக நடப்பதுதான். பன்னாட்டுப் போட்டிகளில் அணிக்கு எட்டுப் பேர், மொத்த எடைக்கு வரம்பு உண்டு. 1900 முதல் 1920 வரை இது ஒலிம்பிக் ஆட்டமாகவும் இருந்தது.

அலுவலகங்களில் நடக்கும் தவறு எளிமையானது. அன்று காலைதான் அணி பிரிக்கிறார்கள், பத்து நிமிடத்தில் இழுக்கவிடுகிறார்கள். யார் எங்கே நிற்பது, யார் குரல் கொடுப்பது என்று பேசிக்கொள்ள இடமே இல்லை. குழு உருவாக வேண்டிய நேரம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஒரு வாரம் முன்பே அணியை அறிவித்து, மாலையில் அரை மணி நேரம் பழகவிட்டால் ஆட்டத்தின் குணமே மாறிவிடும்.

பிரித்த கயிறே சேர்த்த கதை

இன்னொரு தவறு அணி பிரிப்பதிலேயே இருக்கிறது. கணக்குப் பிரிவுக்கும் விற்பனைப் பிரிவுக்கும் போட்டி, இந்தத் தளத்துக்கும் அந்தத் தளத்துக்கும் போட்டி என்று வைப்பது நடத்துகிறவர்களுக்குச் சுலபம். ஏற்கெனவே இருக்கும் சுவர் அதில் இன்னும் ஒரு வரிசை செங்கல் உயர்கிறது.

1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற காட்டு முகாமில், சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் 22 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து வைத்தார். கழுகுகள், ராட்டில் பாம்புகள் என்று சிறுவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டிகள் தொடங்கிய சில நாட்களில் கொடியை எரிப்பதும் தங்கும் குடிலுக்குள் புகுந்து சூறையாடுவதுமாக அது பகையாகிவிட்டது. இரு குழுவையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். பலனில்லை, சாப்பாட்டை எடுத்து எறிந்துகொண்டார்கள். பிறகு இரு குழுவும் சேர்ந்தால் மட்டுமே தீரும் சிக்கல்களை உண்டாக்கினார்கள். முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனது. எல்லோரும் சேர்ந்து குழாய் வழியைத் தேடினார்கள். உணவு கொண்டுவரப் போகும் லாரி கிளம்பாமல் நின்றது. சிறுவர்கள் எடுத்துவந்தது முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறு. அதை லாரியில் கட்டி, இரு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிப்பட்ட வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபின் பகை கரைந்தது.

திருவனந்தபுரத்தில் இதைப் பொருத்திப் பார்க்க நல்ல இடம் கால்பந்து. ஐ.டி. ஊழியர்களின் நலச் சங்கமான ‘பிரதித்வனி’ நிறுவனங்களுக்கிடையே நடத்தும் செவன்ஸ் போட்டி டெக்னோபார்க்கில் பெயர் பெற்றது. மலபாரின் செவன்ஸ் மோகம் கணினிக் கட்டடங்களுக்கு நடுவிலும் வேர் பிடித்திருக்கிறது. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு பிரிவிலிருந்து ஏழு பேர் ஒரு சட்டை போட்டுக்கொண்டு இறங்குவதால் அது பிரிவுகளைச் சேர்க்கிறது. ஒரே நிறுவனத்துக்குள் பிரிவுக்கு எதிராகப் பிரிவை மோதவிட்டால் அதே ஆட்டம் பிரித்துவிடும். ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, யாரை யாரோடு சேர்ப்பது என்பது பெரிய முடிவு.

அத்தப்பூக்கோலத்தின் நாலு மணி நேரம்

ஓணத்து ஆட்டங்களில் குழுவை மிக நன்றாக வளர்ப்பது எது என்று கேட்டால், ஓடாமல் குதிக்காமல் நடக்கும் அத்தப்பூக்கோலத்தைத்தான் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரத்தின் சாலை பஜாருக்கு வரும் ஓணப் பூக்களில் பெரும்பங்கு குமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து போகிறது. செண்டுமல்லியில் மஞ்சளும் ஆரஞ்சும், வாடாமல்லியில் ஊதா, அரளியில் சிவப்பும் இளஞ்சிவப்பும், வெள்ளைக்குச் சம்பங்கி, பச்சைக்கு இலை. பூ வந்து இறங்கும்போதே முதல் பேச்சு தொடங்குகிறது: வரைந்து வைத்த வடிவத்துக்கு எந்த நிறம் எத்தனை கிலோ, எது போதாது, போதாததற்கு எது மாற்று. ஒருவர் நடுவில் ஆணியடித்து நூல் கட்டி வட்டங்களை இழுக்கிறார். இருவர் சாக்கட்டியால் உள்வடிவம் வரைகிறார்கள். ஆறேழு பேர் சுவரோரமாக உட்கார்ந்து இதழ் உதிர்க்கிறார்கள். செண்டுமல்லியின் காம்பு கலந்தால் நிறம் மங்கும் என்பதால் இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். இதழைப் பொடியாக நறுக்குபவர்கள் தனி. நிரப்புகிறவர்கள் நடுவிலிருந்து வெளியே வரவேண்டும், இல்லாவிட்டால் போட்ட பூவை மிதிக்க வேண்டியிருக்கும். ஒருவர் எட்டி நின்று, கோணல் விழுகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இதில் எவர் வேலையும் மறைவதில்லை. காம்பு கலந்த இதழ் எந்தக் கூடையிலிருந்து வந்தது என்று தெரியும், நேர்த்தியாக வந்த வளைவு யார் கை என்றும் தெரியும். கயிற்றில் தளரும் கை இங்கே தளராததற்குக் காரணம் அதுதான். பதவியும் செல்லாது. இதழ் உதிர்க்கும் இடத்தில் மேலாளரும், புதிதாகச் சேர்ந்த பெண்ணும், அலுவலகத்தைப் பெருக்கும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். பூவை விரைவாகவும் சுத்தமாகவும் உதிர்க்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அந்த அம்மாவாகவே இருப்பார். அவரிடம் கேட்டுத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். நாலு மணி நேரம் கை வேலையில் இருக்கும்போது வாய் சும்மா இருக்காது. ஊர், பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கூட்ட அறையில் வராத பேச்செல்லாம் அங்கே வருகிறது. அடுத்த மாதம் ஒருவர் திடீரென விடுப்புக் கேட்கும்போது அதன் காரணம் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

குரலை நம்பி நடப்பது

பொட்டு வைக்கும் ஆட்டத்தில் கண்ணைக் கட்டிய ஒருவர் கையில் பொட்டுடன் படத்தை நோக்கி நடக்கிறார். சுற்றி நிற்கும் முப்பது பேரும் ‘இடத்தோட்டு’, ‘வலத்தோட்டு’, ‘மேலோட்டு’ என்று ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். பொட்டு பெரும்பாலும் காதிலோ கூந்தலிலோ போய் ஒட்டும். தமிழ்நாட்டில் பொங்கலுக்குக் கண்ணைக் கட்டிப் பானை உடைப்பதும் இதே ஆட்டம்தான். சிரிப்புக்காக மட்டும் என்றால் அப்படியே இருக்கட்டும். குழு பழக வேண்டும் என்றால் ஒரு சிறு மாற்றம் போதும்: வழி சொல்வது ஒருவர் மட்டும், நடப்பவர் திருப்பிக் கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்க முடிவதால் என்ன மாறுகிறது என்பதை ஹரால்ட் லெவிட்டும் ரொனால்ட் முல்லரும் 1951-இல் சோதித்தார்கள். ஒருவர் செவ்வகங்களின் அமைப்பு ஒன்றை வாயால் விவரிக்க, கேட்பவர்கள் தாளில் வரைய வேண்டும். கேள்வியே கூடாது என்றபோது வேலை சீக்கிரம் முடிந்தது, படங்கள் தப்பாக வந்தன. கேள்வி கேட்கலாம் என்றபோது நேரம் கூடியது, படங்கள் சரியாக வந்தன, வரைந்தவர்களுக்குத் தங்கள் படத்தின்மேல் நம்பிக்கையும் வந்தது. பயிற்சிக் கூடங்களில் இருவரை முதுகோடு முதுகாக உட்காரவைத்துப் படம் வரையச் சொல்லும் ஆட்டமும் இந்த வகைதான். அதில் சொல்பவரும் வரைபவரும் இடம் மாறி ஆடவேண்டியது கட்டாயம். தான் தெளிவாகச் சொன்னதாக நினைத்தது மற்றவரின் தாளில் என்னவாகியிருக்கிறது என்று பார்ப்பதே அந்த ஆட்டத்தின் பயன்.

திருவனந்தபுரத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மலையாளிகள் பெரும்பான்மையாக உள்ள குழுவில் ஆட்டம் சூடு பிடித்ததும் ஆங்கிலம் கழன்று மலையாளம் வந்துவிடும். தமிழருக்கு ஓரளவு புரியும். ஒடிசாவிலிருந்தோ வங்கத்திலிருந்தோ வந்தவர் வெளியே நிற்பார். பேச்சே இல்லாத ஆட்டம் ஒன்றாவது நிகழ்ச்சியில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். நாடகப் பயிற்சியில் இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடி போல் அப்படியே செய்யும் ஆட்டம் உண்டு. இத்தகைய நாடக ஆட்டங்களைத் தொகுத்து 1963-இல் நூலாக்கிய வயோலா ஸ்போலின், சிகாகோவில் வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளோடு பழகித்தான் அவற்றை உருவாக்கினார்.

நம்பிக்கை பழகுவதற்கு நகரத்தில் இதைவிடப் பழைய பள்ளி களரி. கிழக்குக் கோட்டைப் பகுதியில் 1956-இல் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் தொடங்கிய சி.வி.என். களரியில், தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய மண்தளத்தில் பயிற்சி நடக்கிறது. உடற்பயிற்சியான மெய்த்தாரி முடிந்து கோல்த்தாரிக்கு வரும்போது மாணவர்கள் ஜோடியாகிறார்கள். ஆசான் சொல்லும் வாய்த்தாரிக்கு ஏற்ப ஒருவர் அடிக்க மற்றவர் தடுக்க வேண்டும். முதலில் மெதுவாக, வேகம் பிறகுதான். எதிராளி பாவமே என்று அடியைத் தளர்த்தினால் அவருடைய தடுப்பு வளராது, அவசரப்பட்டு முந்தினால் காயம். கண் எதிராளியின் கண்ணைவிட்டு அகலக்கூடாது. வாளும் கேடயமும் கைக்கு வருவது இந்தப் பழக்கம் உறைத்த பிறகுதான். அமெரிக்க நாடக இயக்குநர் ஃபிலிப் சரில்லி 1976-இல் தொடங்கி இங்கே கற்று, நடிகர்களுக்கான பயிற்சியாகவே களரியை வளர்த்தெடுத்தார்.

இதோடு ஒப்பிட்டால், ஒருவரைக் கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொல்லி மற்றவர்கள் பிடிக்கும் ‘நம்பிக்கைச் சாய்வு’ மிகவும் அவசரமான ஆட்டம். பிடிக்கத் தவறினால் அடிபடும். சரியாகப் பிடித்தாலும், ஒரு நிமிடம் உடம்பைத் தாங்கியவரிடம் நாளைக்கு நம் தவற்றைத் தைரியமாகச் சொல்லலாம் என்ற உறுதி வந்துவிடாது. வேலையிடத்துக்குத் தேவை இந்த இரண்டாவது நம்பிக்கை. ஏமி எட்மன்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து தரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் அதிகப் பிழைகள் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே ஊழியர்கள் பிழையை மறைக்காமல் சொன்னார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். பயமின்றிப் பேச முடிகிற அந்த நிலையைப் பற்றி 1999-இல் அவர் எழுதிய கட்டுரை இன்று உலகெங்கும் மேலாண்மைப் பாடமாகியிருக்கிறது.

அடுத்தவர் கையில் எது குறைகிறது

பரிவைப் பழக்கும் ஆட்டங்களில் சிறந்தது, அலெக்ஸ் பாவெலாஸ் உருவாக்கிய ஐந்து சதுரப் புதிர். ஐந்து பேருக்கு ஆளுக்கொரு உறையில் அட்டைத் துண்டுகள் தரப்படும். ஒவ்வொருவர் முன்பும் ஒரே அளவுள்ள ஒரு சதுரம் உருவாக வேண்டும். பேசக்கூடாது, சைகை கூடாது, பிறரிடமிருந்து எடுக்கக்கூடாது. கொடுக்க மட்டும் செய்யலாம். ஒருவர் தப்பான துண்டுகளைக் கொண்டே ஒரு சதுரத்தை முடித்துவிட்டு நிம்மதியாகக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார். மற்ற நால்வரின் வேலையும் அதனால் நின்றுபோகும். அவர் தலை நிமிர்ந்து அவர்களின் மேசையைப் பார்த்து, தான் முடித்ததைத் தானே கலைத்துக் கொடுத்தால்தான் ஆட்டம் நகரும். அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தால் எந்த அலுவலகத்திலும் பள்ளியிலும் செய்துவிடலாம்.

பரிவின் பெயரால் செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. பார்வையற்றவர்களின் வாழ்க்கையை உணர்த்துவதாகச் சொல்லி, பார்வையுள்ளவர்களைக் கண்ணைக் கட்டி நடக்கவிடுவது பல இடங்களில் நடக்கிறது. ஏரியல் சில்வர்மனும் சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நடந்தவர்கள் பார்வையற்றவர்களை வேலைக்கும் தனித்து வாழ்வதற்கும் திறன் குறைந்தவர்களாக மதிப்பிட்டது தெரியவந்தது. திடீரெனப் பார்வை போனவரின் பதற்றத்தைத்தான் அவர்கள் அனுபவித்தார்கள். ஆண்டுக்கணக்கில் பழகியவரின் திறமை அவர்களுக்குத் தெரியவில்லை.

அதைவிடச் சேர்ந்து ஆடுவது மேல். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் உலோகக் குண்டுகள் ஒலிக்கும். வீசுபவர் ‘ரெடி?’ என்று கேட்டு, மட்டையாளர் ‘யெஸ்’ என்ற பிறகே ‘பிளே’ என்று சொல்லிப் பந்தை வீசுவார். ஓர் அணியில் முழுப் பார்வையற்றவர்கள் குறைந்தது நால்வர் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஓரளவு பார்வையுள்ளவர்கள். அந்த ஆட்டக்காரர்களிடம் போய், அவர்கள் விதிப்படி ஆடிப் பார்க்கும் அலுவலகக் குழு, யார் காது எவ்வளவு கூர்மை என்பதைப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளும். வழுதக்காட்டில் பார்வைக் குறைபாடுள்ளோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பேச்சு, செவித்திறனுக்கான ‘நிஷ்’ நிறுவனம் 1997 முதல் இந்நகரில் இயங்குகிறது. முறையாக அனுமதி கேட்டு, அவர்கள் நடத்த மற்றவர்கள் கற்றுக்கொள்ளும் ஒரு பிற்பகல், மலையோர விடுதியின் இரண்டு நாளுக்கு ஈடாகும்.

ஆட்டம் முடிந்தபின் அரை மணி

இவையெல்லாம் உண்மையில் பலன் தருகின்றனவா என்ற கேள்வி நியாயமானது. கேமரன் கிளைன், எட்வர்டோ சாலஸ் உள்ளிட்டோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட மதிப்பீடு, குழுப் பயிற்சி பொதுவாகப் பலன் தருகிறது என்றே சொன்னது. இலக்கை வகுப்பதும், யார் வேலை எது என்று தெளிவாக்குவதும் பலனைக் கூட்டுகின்றன என்றும் அது காட்டியது. ஆட்டத்தோடு நிறுத்திவிட்டால் கிடைப்பது ஒரு நல்ல மாலை. ஆடியதைப் பற்றிப் பேசினால்தான் அது வேலைக்குள் வரும்.

அந்தப் பேச்சுக்குப் பெரிய பயிற்சியாளர் தேவையில்லை. எந்த இடத்தில் தடுமாறினோம், யார் சொன்னதை நாம் காதில் வாங்கவில்லை, நம் அன்றாட வேலையில் இதே தடுமாற்றம் எங்கே வருகிறது என்று மூன்று கேள்வி போதும். மேலாளர் கடைசியில் பேச வேண்டும். முதலில் அவர் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

கட்டாயம் எதையும் கெடுக்கும். வடம் இழுக்க முடியாத முதுகு வலிக்காரர், கர்ப்பிணி, பிறர் தொடுவதை விரும்பாதவர், கூட்டத்தில் கூச்சப்படுகிறவர் என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் இருப்பார்கள். காரணம் கேட்காமல் அவர்களுக்கு வேறு பங்கு தரவேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் ஆட்டம் வைத்து, வராதவரைக் குழுவோடு ஒட்டாதவர் என்று முத்திரை குத்துவது அநியாயம்; குழந்தையை விட்டுவர முடியாத பெண்களுக்கும், கடைசி ரயிலைப் பிடித்து நாகர்கோவில் போகவேண்டியவர்களுக்கும் அது தண்டனை. அளவுக்கு மீறிய வேலை நேரமும் சம்பளப் பாகுபாடும் உள்ள இடத்தில் எந்த ஆட்டமும் அவற்றை மூடிவைக்காது. ஊழியர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

அடுத்த ஓணத்துக்கு விழாக்குழு அமைக்கும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அணிகளைப் பிரிவு பார்க்காமல் கலந்து போடுங்கள், ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள், பழகும் நேரத்தை வேலை நேரத்துக்குள் கொடுங்கள். ஒப்பந்த ஊழியர்களையும் காவலாளிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் அணிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயசம் பரிமாறுவதற்கு முன் அரை மணி நேரம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள்.